மூணுக்கு ஒண்ணு: முட்டைக்கோழிக்கு வீட்டிலேயே தீவனம் கலப்பது எப்படி

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் இருக்கும் என் அத்தை, கோழித் தீவனம் என்று தனியாக எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிடுவார். வாசலில் ஒரு கை கேழ்வரகை இறைப்பார். அவ்வளவுதான். கோழிகள் அதைப் பொறுக்கிவிட்டுக் காப்பிச் செடிகளுக்கு அடியில் புகுந்துவிடும். பொழுது சாயும்போது தானாகத் திரும்பி வரும். முட்டையின் ஓடு கெட்டியாக இருக்கும். உடைத்து ஊற்றினால் கரு செம்மஞ்சளாகத் திரண்டு நிற்கும்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஆறு பெட்டைகளை அடிவாரத்துக்கு, கன்னங்குறிச்சியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பின்கட்டில் பாதி சிமெண்ட் தரை, பாதி காய்ந்த மண். சுற்றிலும் கம்பி வலை. அத்தை போட்ட அதே கேழ்வரகோடு ரேஷன் அரிசிக் குருணையும், மிச்சமான சோறும் தாராளமாகப் போட்டேன். இரண்டு மாதத்தில் முட்டை பாதியாகக் குறைந்தது. நடுவில் இரண்டு தோல்முட்டை, ஓடு கட்டாமல் வெறும் சவ்வோடு வந்தவை. ஒரு பெட்டை இன்னொன்றின் வால் பக்கத்து இறகைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. போனில் அத்தையிடம் புலம்பினேன்.

"நீ சோறு மட்டுந்தானே கண்ணு போடற, கொழம்பு எங்க?" என்றார்.

கோழித் தீவனத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மலையில் சோறு மட்டும்தான் அத்தை கையால் போனது. குழம்பு, பொரியல், கீரை எல்லாம் காப்பித் தோட்டத்தின் சருகுக்கடியில் கிடைத்தது: கரையான், மண்புழு, பூச்சி, புல் விதை, ஓடு கட்டும் நத்தை, இளந்தழை. கம்பி வலைக்குள் வந்த கோழிக்கு அது எதுவும் கிடையாது. அது தேடித் தின்றதை நாம் கலந்து தர வேண்டும். தீவனம் தயாரிப்பது என்றால் இவ்வளவுதான் விஷயம். எதை எவ்வளவு என்பதில்தான் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

முட்டையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்

எந்தத் தானியம் நல்லது, எந்தப் புண்ணாக்கு நல்லது என்று ஆரம்பித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். முட்டையிலிருந்து ஆரம்பித்தால் குழப்பம் வராது.

ஒரு நாட்டுக்கோழி முட்டை சுமார் 45 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 5 கிராம் புரதம். கோழி தின்கிற புரதத்தில் பாதிதான் முட்டையாக மாறும், மீதி வழியிலேயே செலவாகிவிடும். ஆக முட்டைக்கென்று 10 கிராம் உள்ளே போக வேண்டும். இறகு, சதை, அன்றாடத் தேய்மானம் இவற்றுக்கு இன்னொரு 3, 4 கிராம். மொத்தம் 13, 14 கிராம். கோழியின் வயிறோ ஒரு நாளைக்கு 80 முதல் 90 கிராம் தீவனம்தான் பிடிக்கும். அந்த 85 கிராமுக்குள் 13.5 கிராம் புரதம் இருக்க வேண்டுமானால் தீவனத்தில் 16 சதவீதம் புரதம் தேவை. தீவன மூட்டைகளில் 16, 17, 18 என்று போட்டிருப்பார்களே, அந்த எண் இப்படித்தான் வருகிறது.

இப்போது நான் போட்டதைப் பாருங்கள். கேழ்வரகில் புரதம் 7 சதவீதம், அரிசிக் குருணையில் 8. கோழி வயிறு முட்டத் தின்றாலும் 6, 7 கிராமுக்கு மேல் உள்ளே போக வழியில்லை. உடம்பைக் காப்பாற்றவே பாதி போய்விட்டால் முட்டைக்கு எங்கே போவது? இறகைப் பிடுங்கித் தின்றதற்கும் காரணம் இருந்தது. இறகு முழுக்கப் புரதம். உப்பு குறைந்தாலும் இடநெருக்கடி இருந்தாலும் இதே பழக்கம் வரும், ஆனால் என் வீட்டில் நடந்தது பசி. வயிறு நிறைந்த பசி.

அடுத்தது ஓடு. முட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஓடு, அதாவது நாலரை கிராம். அது கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட். சுத்தக் கால்சியமாகப் பார்த்தால் ஒரு முட்டைக்கு 1.7 கிராம். இதிலும் தின்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் உடம்பில் சேரும். எனவே முட்டை போடும் கோழியின் தீவனத்தில் மூன்றரை சதவீதம் கால்சியம் இருக்க வேண்டும். தானியத்தில் கால்சியம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். தானியங்களிலேயே கேழ்வரகில்தான் கால்சியம் அதிகம் என்று நாம் பெருமையாகச் சொல்வோம், உண்மைதான். ஆனால் அது 100 கிராமுக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. கோழிக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான். பாக்கியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை. அதற்கப்புறம் கால் மடங்கி உட்கார்ந்துவிடும்.

இந்தக் கணக்கு முட்டை போடுகிற நாளுக்கு. நாட்டுக்கோழி தினமும் போடாது. கொஞ்ச நாள் போடும், அடைக்கு உட்காரும், மறுபடி போடும். கிராமப்ரியா, நாமக்கல் கோழி போல மேம்படுத்திய இனங்கள் வருடத்தில் அதிக நாள் போடும், தீனியும் கூடுதலாகத் தின்னும். அவற்றுக்கு நாளைக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பங்குக்கு ஒரு பங்கு

மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதம். எண்ணெய் எடுத்த சோயா புண்ணாக்கில் 45. இரண்டையும் எந்த அளவில் கலந்தால் நமக்கு வேண்டியது கிடைக்கும்? கால்சியம், உப்பு வகையறாக்களுக்கே தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு இடம் போய்விடும். அவற்றில் புரதம் கிடையாது. எனவே தானியமும் புண்ணாக்கும் சேர்ந்த கலவையில் 18 சதவீதம் இருந்தால்தான் கடைசியில் 16 நிற்கும்.

ஒரு தாளில் இடது பக்கம் மேலே 9, கீழே 45 எழுதுங்கள். நடுவில் 18. இப்போது குறுக்காகக் கழியுங்கள். 45-லிருந்து 18 போனால் 27. அது மக்காச்சோளத்தின் பங்கு. 18-லிருந்து 9 போனால் 9. அது சோயாவின் பங்கு. 27-க்கு 9, அதாவது மூன்றுக்கு ஒன்று. மூன்று கிலோ மக்காச்சோளத்துக்கு ஒரு கிலோ சோயா புண்ணாக்கு. படியால் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு படியின் எடை பொருளுக்குப் பொருள் மாறும்.

குறுக்காகக் கழிக்கும் இந்த வழி எந்த இரண்டு பொருளுக்கும் பொருந்தும். மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பு என்றால் 9 இருக்கும் இடத்தில் 11 போடுங்கள். வெள்ளைச் சோளம் என்றால் 10. சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு என்றால் 40-லிருந்து 45-க்குள். தேங்காய்ப் புண்ணாக்கில் 20-தான் இருக்கிறது. அதைப் போட்டுக் கணக்குப் பாருங்கள், மூட்டைக்கு மூட்டை தேங்காய்ப் புண்ணாக்கே வேண்டும் என்று வரும். விலை குறைவு என்று வாங்கியது கடைசியில் லாபமா நட்டமா என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

சரி, புரதம் என்றால் ஏதோ ஒரே பொருள் போலப் பேசிவிட்டேன். அது பல உறுப்புகள் கோத்த மாலை மாதிரி. கோழிக்குப் பெரும்பாலும் பற்றாமல் போவது லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு. தானியத்தில் லைசின் குறைவு, சோயாவில் நிறைய. சோயாவில் மெத்தியோனின் குறைவு, எள்ளுப் புண்ணாக்கில் அது நிறைய. நாம் சோற்றோடு பருப்பு சேர்த்துத் தின்கிறோமே, ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகிறது. அதே கதைதான். ஒரே புண்ணாக்கில் மொத்தப் புரதத்தையும் முடிப்பதைவிட, சோயாவோடு கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கும் சேர்ப்பது நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

நான் 10 கிலோவாகக் கலப்பது இப்படி. மக்காச்சோளம் 5 கிலோ, கம்பு 1 கிலோ, அரிசித் தவிடு 700 கிராம், சோயா புண்ணாக்கு 1 கிலோ 800 கிராம், எள்ளுப் புண்ணாக்கு அரைக் கிலோ. இதோடு 9 கிலோ ஆயிற்று. மீதி ஒரு கிலோவில் கால்சியத்துக்காகக் கிளிஞ்சல் 850 கிராம், டி.சி.பி. 100 கிராம், கல் உப்பு பொடித்தது 30 கிராம், கோழிக்கென்று விற்கும் விட்டமின், தாது உப்புக் கலவை 20 கிராம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இந்த 10 கிலோ என் ஆறு கோழிக்கும் பதினெட்டு நாள் வருகிறது.

டி.சி.பி. என்பது டை கால்சியம் பாஸ்பேட். தானியத்தில் பாஸ்பரஸ் இருந்தாலும் அதில் பெரும்பகுதி கோழியால் பிரித்தெடுக்க முடியாத வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதனால் கொஞ்சம் வெளியிலிருந்து தர வேண்டும். கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்களுக்கு இது குறைவாகப் போதும், ஏனென்றால் மீன் முள்ளிலேயே பாஸ்பரஸ் இருக்கிறது. ஆனால் கருவாடு சேர்த்தால் உப்பை அறவே நிறுத்துங்கள். உப்பு கூடினால் கோழி தண்ணீராகக் குடித்து, எச்சம் நீராகப் போகும். கூண்டுத் தரை சொதசொதவென்று ஆகும். கருவாட்டில் எவ்வளவு உப்பு என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நான் அதைச் சேர்ப்பதில்லை.

எங்கே வாங்குவது, எதைத் தொடக்கூடாது

சேலத்தில் இருப்பவர்களுக்குப் பொருள் கிடைப்பது கஷ்டமில்லை. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கம் மக்காச்சோளம் ஏக்கர் ஏக்கராக விளைகிறது. தெரிந்த விவசாயி இருந்தால் அறுவடை சமயத்தில் காய்ந்த மணியாக ஒரு மூட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் செவ்வாய்ப்பேட்டை மண்டி. பக்கத்து நாமக்கல், 1997 வரை நம் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. முட்டைக்கு அது எப்படிப்பட்ட ஊர் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வழியில் இருக்கும் தீவனக் கடைகளில் கிளிஞ்சல், டி.சி.பி. எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும்.

மக்காச்சோளம் வாங்கும்போது விலையைவிட ஈரத்தைப் பாருங்கள். நான்கு மணியை எடுத்துப் பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. இன்னொரு வழியும் உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியைப் போட்டு, ஒரு ஸ்பூன் காய்ந்த தூள் உப்பும் போட்டு மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கொஞ்ச நேரம் அப்படியே வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டால் மணியில் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் அடியில் விழுந்தால் மூட்டை கட்டலாம்.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் பூஞ்சணம். ஈர மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விட்டுப் போகும். அது கோழியின் ஈரலை அரிக்கும். முட்டை குறையும், கோழி மெலியும், நோய் சுலபமாகத் தொற்றும். வெயிலில் காய வைத்தால் பூஞ்சணம் போகும், நஞ்சு போகாது. வேக வைத்தாலும் போகாது. ஒரு தடவை விலை சல்லிசாக இருக்கிறது என்று ஒரு கடையில் கடலைப் புண்ணாக்கு வாங்கினேன். உடைத்தபோது உள்ளே லேசாகப் பச்சை ஓடியிருந்தது, பழைய கோணிச்சாக்கு வாடை வேறு. காய வைத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், அது என் தப்பு. பத்து நாளில் கோழிகள் தீனியைக் கிளறிக் கிளறி ஒதுக்க ஆரம்பித்தன. முட்டை நின்றே போனது. அதிலிருந்து கடலைப் புண்ணாக்கின் பக்கம் போவதில்லை. புதிதாக ஆட்டிய செக்குப் புண்ணாக்கு கண்ணெதிரே கிடைக்கிறவர்கள் போடலாம்.

சேலத்துக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: குச்சிக்கிழங்குத் திப்பி போடலாமா? ஜவ்வரிசி ஆலைகள் சுற்றியிருக்கும் ஊர் இது. கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி மலை மலையாகக் காயும், விலையும் மலிவு. ஆனால் அதில் புரதம் 2, 3 சதவீதம்தான். மேலே சொன்ன குறுக்குக் கணக்கில் 9-க்குப் பதில் 2 போட்டுப் பாருங்கள், 27-க்கு 16 என்று வரும். மூன்று பங்கு திப்பிக்குக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு சோயா. சேமித்த காசு சோயாவுக்குப் போய்விடும். அதோடு நார் வேறு அதிகம். நன்றாகக் காய்ந்த திப்பியை 10 கிலோவுக்கு அரைக் கிலோ சேர்ப்பதில் தவறில்லை, அதற்கு மேல் வேண்டாம். கிழங்கின் பச்சைத் தோலையும் பச்சை இலையையும் மட்டும் போட்டுவிடாதீர்கள், அவற்றில் சயனைடு நஞ்சு உருவாகும். ஆடு மாடுகள் குச்சிக்கிழங்கு இலை தின்று செத்த கதை நம் பக்கத்தில் கேள்விப்படாதவர் இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை. ஏற்காட்டில் வீட்டுக்கு வீடு பட்டர் ஃப்ரூட் மரம் நிற்கிறது. கீழே விழுந்து வீணாகும் பழத்தைக் கோழிக்குப் போடலாம் என்று தோன்றும். வேண்டாம். அதன் இலை, தோல், கொட்டையில் இருக்கும் பெர்சின் என்ற பொருள் பறவைகளின் இதயத்தைத் தாக்கும், சதையையும் நம்ப முடியாது. காப்பிப் பழத் தோலும், வடிகட்டிய காப்பித் தூளும் அதே கணக்கில் ஒதுக்க வேண்டியவை.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு. கோழிக்குப் போட்டால் முட்டைக் கரு நிறம் கெட்டுப் பச்சையடிக்கும். ஆமணக்குப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் உரம், தீனி இல்லை. ஆமணக்கு கொல்லும். பச்சை சோயா பயறை அப்படியே அரைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் புரதம் செரிப்பதையே தடுக்கும் பொருள் இருக்கிறது, நன்றாக வறுத்தால்தான் அடங்கும். ஆலையில் எண்ணெய் எடுத்த சோயா புண்ணாக்கு ஏற்கெனவே சூடு கண்டது, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. மாட்டுத் தீவன மூட்டையைப் பிரித்துக் கோழிக்குப் போடுவதும் கூடாது. சிலவற்றில் யூரியா கலந்திருக்கும்.

அரைப்பது, கலப்பது

மாவு மில்லில் கொடுக்கும்போது நைசாக அரைக்க வேண்டாம், குருணையாக உடைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். கோழிக்குப் பல் இல்லை, மாவு அலகில் ஒட்டும், தண்ணீர்த் தொட்டியில் கரையும், பாதி வீணாகும். ரொம்பப் பெரிதாக இருந்தாலும் சிக்கல். மக்காச்சோளத் துண்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, நீங்கள் காசு போட்டு வாங்கிய புண்ணாக்குத் தூளையும் தாது உப்பையும் தட்டின் அடியில் விட்டுவிடும். அடியில் தூள் மிஞ்சினால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உதிரி உதிரியாகப் பிசைந்து வையுங்கள், ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும். பிசைந்ததை மாலை வரை விட்டு வைக்காதீர்கள். வெயில் நாளில் புளித்துவிடும்.

கலப்பதில் ஒரு நுணுக்கம். 20 கிராம் விட்டமின் கலவையை 10 கிலோ குவியலின் மேல் தூவிக் கிளறினால் ஒரு மூலையிலேயே தங்கிவிடும். முதலில் அதையும் உப்பையும் டி.சி.பி.யையும் ஒரு படி தவிட்டில் கலந்துகொள்ளுங்கள். அதை இரண்டு கிலோ உடைத்த மக்காச்சோளத்தில் கலந்து, அப்புறம் மொத்தக் குவியலில் சேர்த்து, சிமெண்ட் கலவை போடுகிற மாதிரி மண்வெட்டியால் இப்படியும் அப்படியும் நாலு முறை புரட்டினால் சரியாக இருக்கும்.

கிளிஞ்சலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது, ஒரு ஓட்டுக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கோழி தூங்குகிறது, தீனி எடுப்பதில்லை. தூளாகப் போட்ட சுண்ணாம்புக்கல் சீக்கிரம் கரைந்து கடந்துவிடும். உளுந்து அளவுக்கு உடைத்த கிளிஞ்சல், இரையை அரைக்கும் பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரைந்து கொடுக்கும். அதனால் பாதி தூள், பாதி துண்டு என்று வைத்துக்கொள்கிறேன். சேவலும் குஞ்சும் விடலையும் ஒரே கூட்டில் இருந்தால் கலவையில் கிளிஞ்சலே சேர்க்காமல், தனிச் சட்டியில் வைத்துவிடுவது இன்னும் நல்லது. முட்டை போடும் பெட்டை சாயங்காலம் தானாகத் தேடி வந்து தின்னும், மற்றவை அந்தப் பக்கம் அவ்வளவாக வராது. முட்டைப் பருவம் வராத குஞ்சுக்கும் விடலைக்கும் இவ்வளவு கால்சியம் போனால் சிறுநீரகம் கெட்டுவிடும். ஐந்து மாதம் ஆகும்வரை அவற்றுக்கு இந்தத் தீவனம் வேண்டாம்.

வீட்டு முட்டை ஓட்டையும் வீணாக்க வேண்டியதில்லை. கழுவி, வாணலியில் சூடு காட்டி, உருத் தெரியாமல் நொறுக்கிப் போடுங்கள். முழு ஓடாகப் போட்டால் கோழி முட்டையைக் கொத்தக் கற்றுக்கொள்ளும், அப்புறம் அதை மறக்கடிப்பது பெரும்பாடு.

கலந்ததை மூடி போட்ட தகர டிரம்மில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் காறல் அடிக்கும். ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பதே நல்லது.

கரையான் பானை, கீரை, அசோலா

இனி பொரியல் வகை. அத்தை காட்டிக் கொடுத்த கரையான் பானை, நான் பார்த்தவற்றிலேயே செலவில்லாத புரதம். வாய் அகன்ற பழைய மண்பானை ஒன்றில் கிழிந்த கோணித் துண்டு, காய்ந்த சாணி, ஓலை, சருகு எல்லாவற்றையும் திணித்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் கரையான் புற்று ஓடும் இடமாகப் பார்த்து, மண்ணைக் கொஞ்சம் கொத்திவிட்டு, பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் விடியலில் நிமிர்த்தினால் கோணி முழுக்க வெள்ளை வெள்ளையாக ஊரும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும், அதனால் தாமதிக்கக் கூடாது. முதல் நாள் நான் பானையைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்குள் போய் உதறியபோது ஆறு கோழியும் என் காலில் ஏறி மிதித்தன. மரச் சாமான், கதவு நிலை பக்கம் மட்டும் பானையை வைத்துவிடாதீர்கள்.

முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, வேலி மசால் எது இருந்தாலும் கொத்தாகக் கட்டி, கோழி எட்டிப் பறிக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கருவின் நிறம் இதிலிருந்தும் மஞ்சள் மக்காச்சோளத்திலிருந்தும்தான் வருகிறது. முழுக்கக் கம்பும் குருணையும் போட்டால் கரு வெளுத்திருக்கும். சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பார்க்கத்தான் சோகையாக இருக்கும்.

தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் குட்டிச் செடியான அசோலா பற்றி ஒரு மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும். அதில் 20, 25 சதவீதம் புரதம் என்று சொல்வது காய்ந்த அசோலாவுக்கு. தொட்டியிலிருந்து அள்ளும்போது ஒரு கிலோவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்தால் 50, 60 கிராம் நிற்கும், அதில் புரதம் 12, 13 கிராம், ஒரே ஒரு கோழியின் ஒரு நாள் தேவை. ஆறு கோழிக்கு அசோலாவை நம்பிச் சோயாவை நிறுத்தினால் நடக்காது. கீரை மாதிரி கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். ஆசைக்குத் தின்னும்.

தண்ணீரும் வெயிலும்

கோழி தின்பதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். சேலத்தில் அந்த நாட்களில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும், ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறையும். தீவனம் சரியாக இருந்தும் கோடையில் ஓடு மெலிவது இதனால்தான். கூடுதலாகக் கிளிஞ்சல் கொட்டிப் பயனில்லை. கூரைக்கு ஓலை போடுங்கள், மண்பானைத் தண்ணீரை நிழலில் வையுங்கள், தீனியை விடியற்காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் வெயில் தாழ்ந்தும் பிரித்துப் போடுங்கள். மலையில் இந்தப் பாடு இல்லை. அங்கே மார்கழிக் குளிருக்குக் கோழி கூடுதலாகத் தின்னும், மாலையில் ஒரு கை மக்காச்சோளம் சேர்த்துப் போட்டால் போதும்.

பழைய தீனியிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றினால் முட்டை தடைபடாது. ஓடு சில நாளிலேயே கெட்டிப்படும். கருவின் நிறம் மாறப் பத்து நாளாவது ஆகும், ஏனென்றால் ஒரு கரு திரள்வதற்கே அத்தனை நாள் எடுக்கிறது. இறகு உதிர்க்கும் பருவத்திலோ அடை காக்கும்போதோ இருக்கிற கோழி, நீங்கள் எதைக் கலந்து போட்டாலும் முட்டை வைக்காது. அது முடியும்வரை விட்டுவிடுங்கள்.

போன தை மாதம் ஒரு கிலோ கலவையைப் பொட்டலம் கட்டி மஞ்சக்குட்டைக்கு எடுத்துப் போனேன். அத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார், எள்ளு வாசம் பிடித்திருந்தது போல. வாசலில் இறைத்தார். கோழிகள் ஓடி வந்து மக்காச்சோளத்தை மட்டும் பொறுக்கின. புண்ணாக்கை இரண்டு கொத்து கொத்திவிட்டு, கிளிஞ்சலைக் காலால் சீய்த்துத் தள்ளிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பித் தோட்டத்துக்குள் போய்விட்டன.